கெட்டுப்போன மெமரி கார்டும் 16 பைட்டுச் சாவியும்: ரூட் செய்த கைபேசியில் ஒரு தரவு மீட்பு

பின்னணி

நாட்டார் பாடல்களைச் சேகரித்துவந்த ஆய்வு மாணவி ஒருவரின் கைபேசியில் இருந்த மெமரி கார்டு திடீரெனப் படிக்க முடியாமல் போனதையும், அதிலிருந்த ஒலிப்பதிவுகளை மீட்க மேற்கொண்ட முயற்சியையும் அவருடைய ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என இரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று அவர் பதிந்த அனைத்தும் அந்த ஒரே கார்டில் இருந்தன. வேறு பிரதி எங்கும் இல்லை.

கைபேசி பழையது. ஆண்ட்ராய்டு 7.1, அதன் மையக்கருவான லினக்ஸ் கர்னல் 3.18, உள் நினைவகம் வெறும் 16 ஜிபி. இடம் போதவில்லை என்று முறையிட்டபோது கடைக்காரர் 64 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டு, அதை 'உள் சேமிப்பகமாக' மாற்றிக் கொடுத்திருக்கிறார். 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6-இல் அறிமுகமான வசதி இது. இப்படி மாற்றிய கார்டைக் கைபேசி தன் சொந்த நினைவகத்தின் நீட்சியாகவே நடத்தும். அதற்காகக் கார்டு முழுவதையும் குறியாக்கம் செய்து, அதைத் திறக்கும் 128 பிட் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கார்டைக் கழற்றி வேறொரு கைபேசியிலோ கணினியிலோ போட்டால் அது வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். கார்டு ஒரு பாதி, கைபேசிக்குள் கிடக்கும் 16 பைட்டுச் சாவி மறுபாதி என்பதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, மாணவிக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு பின்னணிச் செய்தியும் முக்கியமானது. ஒரு வருடத்துக்கு முன்பு மாணவியின் தம்பி, கூடவே வந்த வேண்டாத செயலிகளை நீக்குவதற்காக, மேஜிஸ்க் என்ற கருவி வழியாக அந்தக் கைபேசியை ரூட் செய்திருந்தார், அதாவது அதன் முழு நிர்வாக அனுமதியைப் பெற்றிருந்தார். அன்று அது விளையாட்டாகச் செய்த வேலை.

கோளாறு தெரிந்த விதம்

ஒரு மாலைப் பதிவின் நடுவே கைபேசி உறைந்து நின்றது. மறுதொடக்கம் செய்ததும் கார்டு சேதமடைந்துவிட்டதாகவும், சரிசெய்யத் தட்டுமாறும் அறிவிப்பு வந்தது. அந்தத் தட்டலின் முடிவில் இருப்பது ஃபார்மட். மறுநாள் மாணவி பக்கத்து ஊர் பழுதுபார்ப்புக் கடைக்குப் போனார். அங்கே கார்டைக் கழற்றித் துடைத்து, நான்கு முறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிட்டு, கைபேசியை ஃபேக்டரி ரீசெட் செய்தால் கார்டு தானாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடை வாசலில் நின்றபடியே என்னை அழைத்தார்.

"அண்ணா, ரீசெட் போடச் சொல்றாங்க. போட்டுடட்டுமா?"

போட வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், கார்டைக் கழற்றவும் வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள் என்றேன். ரீசெட் செய்தால் சாவி இருக்கும் பகுதி அழியும். அதன்பின் கார்டு முழு ஆரோக்கியத்தோடு இருந்தாலும் பயனில்லை. மறுதொடக்கத்தைத் தடுத்ததற்குக் காரணம் வேறு. ஆண்ட்ராய்டில் சேமிப்பகங்களைக் கவனிக்கும் வோல்ட் என்ற சேவை, இத்தகைய கார்டை ஒவ்வொரு முறை காணும்போதும் முதலில் அதை மவுன்ட் செய்து (கோப்புகளைப் பயன்படுத்தும்படி இணைத்து) பார்க்கும். பிறகு கோப்பு முறைமையை, அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பை, சரிபார்க்கும் கருவியை, எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்ற பதிலோடு, அதன்மீது ஓடவிடும். இரண்டுமே கார்டில் எழுதக்கூடிய செயல்கள். செத்துக்கொண்டிருக்கும் கார்டில் நான்கு மறுதொடக்கங்கள் என்றால், யாரும் கேட்காமலே நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்று பொருள்.

முதல் நாள்: சாவியைப் பத்திரப்படுத்தல்

எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து, கட்டளைகளை இயக்கும் டெர்மக்ஸ் செயலியை நிறுவி, கர்னலின் செய்திகளைப் படித்தேன். கார்டைக் குறிக்கும் எம்எம்சி-பிளாக்-1 என்ற சாதனத்தின் பெயரோடு இரண்டு பிழை எண்கள் மாறி மாறி வந்தன. ஒன்று -110, அதாவது கார்டு உரிய நேரத்தில் பதில் தரவில்லை. மற்றது -84, அதாவது பதில் வந்தது, ஆனால் வழியில் சிதைந்திருந்தது. கோப்பு முறைமை மட்டும் குழம்பியிருந்தால் இவை வரா. எனவே பழுது கார்டிலேயே இருக்கிறது, படிக்கப் படிக்க அது மோசமாகலாம் என்று முடிவு செய்தேன்.

அப்போது முன்னால் இருந்த வழிகள் இரண்டு. கார்டு மேலும் கெடுவதற்கு முன் உடனே பிரதி எடுக்கத் தொடங்கலாம். அல்லது முதலில் சாவியை எடுக்கலாம். கார்டு கெட்டால் சில கோப்புகள் போகும், சாவி தொலைந்தால் எல்லாமே போகும் என்பதால் சாவிதான் முதலில் என்று தீர்மானித்தேன். பழைய கைபேசி எந்த நேரமும் தானே அணைந்துபோகலாம் என்ற அச்சமும் இருந்தது.

சாவி இருக்கும் இடம், டேட்டா பார்ட்டிஷனில் (நினைவகத்தின் பிரிக்கப்பட்ட ஒரு பகுதி) மிஸ்க் என்ற கோப்புறைக்குள் உள்ள வோல்ட் கோப்புறை. ரூட் அனுமதி இல்லாமல் அதைப் பட்டியலிடக்கூட முடியாது. ரூட் செய்யப்படாத கைபேசியாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் ரூட் செய்வதும் தீர்வாகாது; கைபேசியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போதே பயனர் தரவு அனைத்தும் அழிக்கப்படும், சாவியும் அதோடு போகும். தம்பியின் விளையாட்டுக்கு அன்றுதான் பொருள் வந்தது.

கோப்புறையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சாவிக் கோப்புகள் இருந்தன, இரண்டும் சரியாக 16 பைட்டுகள். முன்பு வேறொரு கார்டும் இதே விதத்தில் பயன்பட்டிருக்கிறது. எது நடப்புக் கார்டுக்கு உரியது என்பதை ஊகிக்கத் தேவையில்லை; கோப்பின் பெயரிலேயே அது திறக்கும் பார்ட்டிஷனின் தனி அடையாள எண் இருக்கும். ஆண்ட்ராய்டிலேயே உள்ள எஸ்ஜிடிஸ்க் கருவியைக் கொண்டு கார்டின் பார்ட்டிஷன் அட்டவணையைப் படித்தபோது, 16 எம்பி அளவுள்ள சிறிய பார்ட்டிஷன் ஒன்றும், மீதி முழுவதையும் அடைத்த பெரியது ஒன்றும் தெரிந்தன. பெரியதன் அடையாள எண்ணோடு இரண்டாவது சாவிக் கோப்பு பொருந்தியது.

இரண்டு கோப்புகளையும் மடிக்கணினிக்கு நகலெடுத்து, இருபுறமும் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டேன். அதற்குப் பிறகும் மனம் கேட்காமல், சாவியைப் பதினாறடிமான (0 முதல் 9, a முதல் f வரை) எண்களாகத் திரையில் காட்டி, அந்த 32 எழுத்துகளை மாணவி வாசிக்க வாசிக்கத் தாளில் எழுதினேன். பிறகு தாளிலிருந்து நான் வாசிக்க அவர் திரையில் சரிபார்த்தார். ஓரிடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்து 'பி'யை நான் 6 என்று எழுதியிருந்தது அப்போதுதான் பிடிபட்டது.

முதல் நாள் மாலை: பிரதி எங்கே எடுப்பது

கார்டைக் கழற்றி மடிக்கணினியில் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. என் மடிக்கணினியில் லினக்ஸ்தான் இருக்கிறது, ஆனால் கார்டுக்கான துளை இல்லை. கையில் இருந்த மலிவான யுஎஸ்பி ரீடர், கெட்ட செக்டர் (கார்டின் மிகச் சிறிய சேமிப்பு அலகு) ஒன்றைத் தொட்டாலே மொத்தமாகத் துண்டித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளது என்பது முந்தைய அனுபவம். கைபேசியின் கர்னலோ கார்டுடன் நேரடியாகப் பேசுகிறது. பிழை வந்த செக்டரின் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. எனவே கைபேசியிலேயே டிடிரெஸ்க்யூ கருவியால் கார்டின் முழுப் படிமத்தையும் (பைட்டுக்குப் பைட்டு நகல்) எடுத்து, கைபேசியோடு யுஎஸ்பி கருவிகளை இணைக்கும் ஓடிஜி கேபிளில் இணைத்த 128 ஜிபி பென் டிரைவில் எழுதுவது என்று முடிவெடுத்தேன். நேராக நகலெடுக்க மட்டும் செய்யும் டிடி கருவியைத் தவிர்த்ததற்குக் காரணம், டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். எதுவரை படித்தோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் எங்கே நிறுத்தினாலும் அங்கிருந்தே தொடரலாம்.

இங்கே என் பக்கம் இரண்டு தவறுகள் நடந்தன. முதலாவது வெட்கக்கேடானது. பென் டிரைவ் கடையிலிருந்து வந்தபடியே ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமையில் இருந்ததைக் கவனிக்காமல் வேலையைத் தொடங்கினேன். கோப்பு மிகப் பெரியது என்ற செய்தியோடு 4 ஜிபியில் எழுத்து நின்றது. அந்தக் கோப்பு முறைமையில் ஒரு தனிக் கோப்பு அதற்கு மேல் வளராது என்பது எவருக்கும் தெரிந்த செய்தி, எனக்கும் தெரியும். நோயாளியான கார்டை 4 ஜிபி தூரம் வீணாக ஓடவிட்டதுதான் மிச்சம்.

பென் டிரைவை லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4-க்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான ஃபார்மட் கட்டளையை அடிக்கும் முன் ஐந்து நிமிடம் கை நின்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கைபேசியில் உள் நினைவகம் ஈஎம்எம்சி வகை. அதன் பெயர் எம்எம்சி-பிளாக்-0, ஆகவே எஸ்டிஏ என்ற பெயர் பென் டிரைவுக்கு வாய்த்தது. யுஎஃப்எஸ் வகை நினைவகம் உள்ள புதிய கைபேசிகளில் எஸ்டிஏ என்பது கைபேசியின் சொந்த நினைவகமே. இணையத்தில் எங்கோ கண்ட கட்டளையை அப்படியே ஒட்டினால், பென் டிரைவுக்குப் பதில் கைபேசியை ஃபார்மட் செய்துவிடலாம்; எங்கள் நிலையில் அது சாவியின் மூலப் பிரதியையும் கொண்டுபோயிருக்கும். பென் டிரைவைக் கழற்றிய நிலையிலும் செருகிய நிலையிலும் பார்ட்டிஷன் பட்டியலை எடுத்து, புதிதாக முளைத்த வரி எது, அதன் அளவு என்ன என்று பார்த்த பிறகே தொடர்ந்தேன்.

இரண்டாவது தவறு, டெர்மக்ஸ் தரும் கருவிகள் கைபேசியின் கர்னலைவிடப் பல ஆண்டுகள் இளையவை என்பதை மறந்தது. புதிதாக உருவாக்கிய ஈஎக்ஸ்டி4-ஐ மவுன்ட் செய்யக் கர்னல் மறுத்தது. தான் அறியாத வசதிகள் இருப்பதாகவும், அவற்றின் எண் 2000 என்றும் அது சொன்ன ஒரு வரியே துப்பாக அமைந்தது. ஈஎக்ஸ்டி4-ஐ உருவாக்கும் ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் தொகுப்பின் 2023-இல் வந்த 1.47 பதிப்பு முதல், செக்சம் விதையைத் தனியே சேமிக்கும் வசதி இயல்பாகவே சேர்க்கப்படுகிறது. அதைப் புரிந்துகொள்ள கர்னல் 4.4 வேண்டும், எங்களிடம் இருந்தது 3.18. அந்த வசதியை விலக்கி மீண்டும் ஃபார்மட் செய்ததும் மவுன்ட் ஆனது. ரூட் ஷெல்லுக்குள் போனதும் டிடிரெஸ்க்யூ காணாமல் போனது போன்ற சில்லறைத் தொல்லைகளுக்கு, டெர்மக்ஸின் கோப்புறைப் பாதையை முழுமையாகக் கொடுப்பதே போதுமானதாக இருந்தது.

முதல் இரவும் இரண்டாம் நாளும்: படிமம் எடுத்தல்

ஓடிஜியில் பென் டிரைவ் இணைந்திருக்கும்போது இந்தக் கைபேசி சார்ஜ் ஏறாது. எனவே பேட்டரி இருக்கும் வரை ஓட்டுவது, 20 விழுக்காட்டில் நிறுத்தி சார்ஜ் ஏற்றுவது, வரைபடக் கோப்பின் துணையோடு தொடர்வது என்று மூன்று அமர்வுகளாகப் பிரித்துக்கொண்டேன். திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு வேலையை உறங்கவைத்துவிடாமல் இருக்க டெர்மக்ஸின் விழிப்புப் பூட்டைப் போட்டேன். இன்னொரு டெர்மினல் சாளரத்தில் பேட்டரியின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை படித்துக்கொண்டிருந்தேன். கர்னல் அதைப் பத்தில் ஒரு பாகையாகத் தரும். 412 என்று வந்தால் 41.2 பாகை செல்சியஸ். 430-ஐ நெருங்கியபோது ஒலிக் குறைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டு 'சி'யைத் தட்டினேன். டெர்மக்ஸில் கன்ட்ரோல் விசை அதுதான். மாணவி ஒரு பனை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். மின்விசிறிக்கு நேராகக் கைபேசியைச் சாய்த்து நிறுத்தியது அதைவிட நன்றாக வேலை செய்தது.

நல்ல பகுதிகள் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டன. முதல் சுற்றின் முடிவில் 38 எம்பி மட்டும் படிக்கப்படாமல் நின்றது. அதைச் சுரண்டி எடுக்க, இடையில் சார்ஜ் ஏற்றிய நேரம் போக, இரண்டாம் நாள் பகல் முழுவதும் ஆயிற்று. பிழையுள்ள இடத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கருவி சில நொடிகள் அசைவற்று நின்றது. இரண்டு மறுமுயற்சிகளுக்குப் பின் 1.3 எம்பி மிஞ்சியது. மூன்றாம் மறுமுயற்சியில் ஒரு செக்டர்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை; கார்டு முன்பைவிட மெதுவாகப் பதில் தரத் தொடங்கியதால் அங்கேயே நிறுத்தினேன்.

மூன்றாம் நாள்: திறந்து பார்த்தல்

படிமத்தை மடிக்கணினியில் வாசிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு லூப் சாதனமாக (கோப்பையே ஒரு வட்டுப் போல) இணைத்து, பெரிய பார்ட்டிஷனின் மேல், குறியாக்கத்தைத் திறக்கும் டிஎம்-கிரிப்ட் அடுக்கை அமைத்தேன். குறியாக்க முறை ஏஇஎஸ் சிபிசி, ஒவ்வொரு 512 பைட்டுச் செக்டருக்கும் தனித் தொடக்க மதிப்பு. சாவி, தாளில் இருந்த அதே 32 எழுத்துகள். இந்த அமைப்பில் ஒரு நன்மை உண்டு: ஒரு செக்டர் கெட்டால் அதோடு நிற்கும், அடுத்ததைத் திறப்பது தடைபடாது.

முதல் மவுன்ட் தோல்வியடைந்தது. கோப்பு முறைமையின் தலைப்பகுதியே கெட்ட இடங்களில் ஒன்றில் இருந்தது. மூலப் படிமத்தைத் தொடாமல், திறந்த நிலையில் அதற்கு இன்னொரு பிரதி எடுத்து, 32768-ஆம் தொகுதியில் ஈஎக்ஸ்டி4 வைத்திருக்கும் மாற்றுத் தலைப்பகுதியைக் கொண்டு பிரதியைச் சரிசெய்தேன். அதன்பின் மீடியா கோப்புறையும், அதற்குள் ஒலிப்பதிவுக் கோப்புறைகளும், மாணவி ஊர்ப் பெயரும் தேதியும் இட்டு அடுக்கியிருந்தபடியே தெரிந்தன. 337 பதிவுகள்.

எவை சேதமடைந்தவை என்பதைக் கண்டறிவது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. வழக்கமாக, படிக்க முடியாத இடங்கள் படிமத்தில் சுழியங்களாக நிற்கும். நீண்ட சுழிய வரிசையைத் தேடினால் போதும். குறியாக்கத்தைத் திறக்கும்போதோ அந்தச் சுழியங்களும் 'திறக்கப்பட்டு' வேறு பைட்டுகளாகிவிடுகின்றன, சுழியங்களைத் தேடி அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே டிடிரெஸ்க்யூவின் வரைபடக் கோப்பிலிருந்த ஒவ்வொரு கெட்ட இடத்தையும் எடுத்து, பார்ட்டிஷன் தொடங்கும் 34,816-ஆம் செக்டரின் நிலையைப் பைட்டுக் கணக்கில் கழித்து, 4096-ஆல் வகுத்துத் தொகுதி எண்ணாக மாற்றி, டீபக்-எஃப்எஸ் கருவியிடம் அந்தத் தொகுதி எந்தக் கோப்புக்கு உரியது என்று கேட்க வேண்டியிருந்தது. பெரும்பாலானவை காலி இடங்களும் செயலிகளின் கழிவுகளும்தான். ஐந்து பதிவுகள் மட்டும் பட்டியலில் சிக்கின.

விளைவு

அந்த ஐந்தில் மூன்று வேவ் கோப்புகள். அவற்றில் சேதம் ஒரு கணநேர 'கரகர' ஒலியாக மட்டுமே கேட்டது, பாட்டு தொடர்ந்தது. மற்ற இரண்டும், மாணவி ஆரம்ப மாதங்களில் பயன்படுத்திய சுருக்கப்பட்ட எம்-ஃபோர்-ஏ வகை. ஒன்றில் நடுவே சில நொடிகள் தாவின. இன்னொன்று திறக்கவே இல்லை. இந்த வகைக் கோப்பில் எந்த ஒலித்துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவுச் செயலிகள் பொதுவாகக் கடைசியில்தான் எழுதும். கெட்டது சரியாக அந்தக் கடைசித் துண்டு. ஒலி முழுவதும் உள்ளே இருக்கிறது, கதவு மட்டும் இல்லை. அதே கைபேசியில் பதிந்த நல்ல கோப்பொன்றை மாதிரியாகக் கொண்டு அட்டவணையை மீட்டுருவாக்க முயன்றதில் வந்தது கேட்கத் தக்கதாக இல்லை. அது ஒரு மூதாட்டியின் ஒப்பாரி, 23 நிமிடம்.

மறுபடி செய்தால் மாற்றிக்கொள்பவை

சாவியை முதலில் எடுத்த முடிவை மாற்றமாட்டேன். அதற்குப் பிந்தையவற்றில் பலவற்றை மாற்றுவேன்.

ரூட் அனுமதி உண்மையில் எங்களுக்குத் தந்தது 16 பைட்டுகள். அவை கைக்கு வந்த பிறகும் எல்லாவற்றையும் கைபேசி டெர்மினலிலேயே செய்துகொண்டிருந்ததற்கு, ரீடர் பற்றிய நியாயமான ஐயம் பாதிக் காரணம், டெர்மினல் எதிரே திறந்திருந்தது மறுபாதி. நல்ல ரீடர் ஒன்றை ஒரு நாள் பொறுத்து வாங்கியிருந்தால், வெப்பமும் பேட்டரியும் ஓடிஜியும் இல்லாமல், மடிக்கணினியில் ஒரே இரவில் படிமம் எடுத்திருக்கலாம். கார்டு மின்சாரம் இல்லாமல் உறையில் கிடக்கும்போது கெடுவதைவிட, 43 பாகை வெப்பத்தில் கைபேசிக்குள் கிடக்கும்போது கெடும் வாய்ப்பே அதிகம்.

கைபேசியில்தான் எடுப்பது என்றால், மூலக் கார்டைப் பிரதி எடுத்தது தவறான தேர்வு. கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய முடியாமல் வோல்ட் கைவிட்டிருந்தாலும், அதற்கு முன்பே அது உருவாக்கிய குறியாக்கம் திறந்த சாதனம் கர்னலில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. இதை இரண்டாம் நாள், சுரண்டும் சுற்று பாதி கடந்த பிறகே கவனித்தேன். அந்தச் சாதனத்திலிருந்து படிமம் எடுத்திருந்தால் கெட்ட இடங்கள் சுழியங்களாகவே நின்றிருக்கும், சேதமடைந்த கோப்புகளைத் தேட டீபக்-எஃப்எஸ்ஸோடு அரை நாள் மல்லுக்கட்டியிருக்க வேண்டாம். கார்டைக் கழற்றினால் அந்தச் சாதனம் மறைந்துவிடும் என்பதால், இந்த வழி கார்டைத் தொடும் முன் மட்டுமே திறந்திருக்கும்.

பென் டிரைவைப் பொறுத்தவரை, கார்டின் பக்கம் போவதற்கு முன்பே 5 ஜிபி அளவில் ஒரு போலிக் கோப்பை எழுதிப் பார்த்திருந்தால் ஃபேட்32 தவறும், பழைய கர்னலின் மறுப்பும் நோயாளி மேசைக்கு வருவதற்கு முன்பே வெளிப்பட்டிருக்கும்.

மாணவியின் இப்போதைய கைபேசியில் கார்டு 'கையடக்கச் சேமிப்பகமாக', அதாவது வேறு கருவியிலும் படிக்கத்தக்கதாக, அமைக்கப்பட்டிருக்கிறது, பதிவுகள் வேவ் வகையிலேயே நடக்கின்றன. மூலப் படிமம் குறியாக்கத்தோடு என் வன்தட்டில் இருக்கிறது. திறக்காத அந்த 23 நிமிடத்துக்காக என்றைக்காவது அதற்குள் மீண்டும் போக வேண்டியிருக்கும். அதற்குத் தேவையான 32 எழுத்துகள் உள்ள தாள், 6 அடிக்கப்பட்டுத் திருத்திய நிலையில், மாணவியின் கள நோட்டின் பின்னட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது.